மரவாளை யாராவது திருடுவார்களா?

உசுய் கென்ஸோவின் அலுவலகம் ஒரு கத்தரிக்கோல் கடையின் மாடியில் இருந்தது. செகி ஊரில் கத்தரிக்கோல் கடையோ கத்திக் கடையோ கீழே இல்லாத மாடியைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். அன்று காலை மழை விடாமல் பெய்தது. உசுய் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். அவருடைய உதவியாளர் தொமோகோ, நேற்று படித்த செய்தியை அவருக்கு மூன்றாம் முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தொமோகோ நாற்பதைத் தொட்டவள். முன்பு டாக்சி ஓட்டியவள். ஒரு வழக்குக்காக உசுயை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக அலைந்ததில் துப்பறிவதில் ருசி கண்டு, டாக்சி கம்பெனிக்கு முழுக்குப் போட்டுவிட்டு அவரோடு ஒட்டிக்கொண்டவள். அவளுக்கு வாய் ஓயாது. அவருக்கு வாய் திறக்காது. அதனால் இருவருக்கும் சண்டையே வந்ததில்லை.

கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். குடையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு, உட்காரச் சொன்ன பிறகும் நின்றுகொண்டே இருந்தாள்.

"என் பேர் ஒகுமுரா அகானே. ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் அந்தப் பேர். அதுக்கப்புறம் என்னை வீட்டைவிட்டு அனுப்பிடுவாங்க. என் பொண்ணு கொயுகி மட்டும் அங்கேயே இருக்கணுமாம்."

"எதுக்கு?" என்றார் உசுய்.

"திருடிட்டேன்னு."

"எதை?"

"அவங்க குடும்ப வாளோட உடுப்பை."

தொமோகோவுக்குப் புரியவில்லை. அகானே பொறுமையாகச் சொன்னாள். ஒகுமுரா வீட்டில் எழுநூறு வருடத்து வாள் ஒன்று உண்டு. எஃகு அலகு எப்போதும் அலமாரிக்குள், சாதாரண வெள்ளை மர உறையில் தூங்கும். அரக்குப் பூசிய அழகான உறையும், பட்டு சுற்றிய கைப்பிடியும், பிடிக்கும் அலகுக்கும் நடுவில் வரும் இரும்புக் கைக்காப்பும் தனி. அவை கலையாமல் ஒன்றாக நிற்பதற்காக உள்ளே ஒரு மரவாளைச் செருகி, கூடத்து மாடத்தில் அலங்காரமாக வைத்திருப்பார்கள். போன வாரம் காணாமல் போனது அந்த அலங்காரம்தான். எஃகு வாள் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

தொமோகோ சிரித்துவிட்டாள். "மரக்கட்டையத் தூக்கிட்டு ஓடினானா? சரியான மண்டு!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்கக்கா. அந்த வீட்டுல வாளைப் பத்தித் தெரியாத மண்டு யாருன்னா, நான்தான். ஒசாகாவுல நூடுல்ஸ் கடைக்காரர் பொண்ணு. கல்யாணமாகி எட்டு வருஷமாச்சு, இன்னும் அவங்களுக்கு நான் நூடுல்ஸ்காரிதான். கதவு உடைக்கல. பக்கத்துல யாரும் அந்நியர் வரல. அன்னிக்கு ஸ்கூலுக்குப் பொண்ணைக் கூட்டிட்டு வரப் போற வரைக்கும் வீட்டுல இருந்தது நான் மட்டும்தான். உள்ளே இருக்கறது அசல்னு நினைச்சு மரத்தை எடுத்துட்டுப் போயிட்டேனாம்."

தொமோகோவுக்குச் சிரித்ததற்காக வெட்கமாகப் போய்விட்டது. எழுந்து போய் அவளுக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"வாள் எனக்கு வேண்டாம் சார்," என்றாள் அகானே. "கண்டுபிடிச்சாலும் அவங்களே வச்சுக்கட்டும். நான் திருடி இல்லைன்னு யாராவது சொல்லணும். என் பொண்ணுக்குத் தெரியற மாதிரி சொல்லணும்."

*

ஒகுமுரா வீட்டில் மாமியார் மிசாவோ அவர்களை வரவேற்ற விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேநீர் வந்தது, கூடவே கஷாயம் குடித்தவர் முகமும் வந்தது. பக்கத்தில் மறைந்த வீட்டுக்காரரின் தம்பி கிஹெய் உட்கார்ந்திருந்தார். வாள்களுக்கு மெருகேற்றுவதில் அவருக்கு அந்த வட்டாரத்தில் நல்ல பெயர். மகன் மசாத்தோ அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் தரையைப் பார்த்தபடி இருந்தான்.

மாடத்தில் வெறும் தாங்கி மட்டும் நின்றது. அதன் அருகிலேயே மூடி இல்லாத பெட்டி ஒன்றில் மூன்று கைக்காப்புகள் இருந்தன. ஒன்றில் பொன்னால் நாரை இழைத்திருந்தது.

"இதைத் தொடலையா?" என்றார் உசுய்.

"அதுதான் சொல்றேனே," என்றாள் மிசாவோ. "விஷயம் தெரிஞ்சவனா இருந்தா அந்த நாரைய எடுத்திருப்பான். இது விஷயம் தெரியாதவங்க வேலை."

அவள் கண் அகானேயின் பக்கம் போய் வந்தது. மசாத்தோ தலையை நிமிர்த்தவே இல்லை. தொமோகோவுக்கு அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

"அன்னிக்கு எல்லாரும் எங்கே இருந்தீங்க?" என்று கேட்டார் உசுய்.

"கோயில்ல. ஞாயித்துக்கிழமை இவங்கப்பாவோட மூணாவது வருஷ நினைவு நாள். ஏற்பாடு பேசப் போனோம். கிஹெய் மட்டும் முழங்கால் வலின்னு பாதியிலயே எழுந்து போனார். இவ கொயுகியக் கூட்டிட்டு வர ஸ்கூலுக்குப் போனதாச் சொல்றா."

"நினைவு நாளுக்கு அப்புறம் வாளை ஊர் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கறதா கேள்விப்பட்டேன்."

"அது அவரோட ஆசை. கொடுக்கறதுக்கு முன்னாடி வழக்கப்படி ஒரு தடவை எஃகை அரக்கு உறைக்குள்ள போட்டு அவர் படத்துக்கு முன்னால வைக்கணும். இப்ப அதுக்கும் வழியில்லாமப் போச்சு." மிசாவோவின் குரல் உடைந்தது. அந்த ஒரு கணம் தொமோகோவுக்கு அவள்மேல் இரக்கம் வந்தது.

உசுய் எஃகு வாளைப் பார்க்க விரும்பினார். கிஹெய் தாமே எழுந்துபோய் எடுத்துவந்தார். போன குளிர்காலத்தில் அவர்தான் அதற்கு மெருகேற்றியவர். வழக்கம்போல அதற்கென்று புது வெள்ளை மர உறையும் செய்வித்திருந்தார். உறையை விலக்கியதும், துருப்பிடிக்காமல் பூசும் கிராம்பு எண்ணெய் வாசனை அறைக்குள் பரவியது.

"இங்க பாருங்க," என்று அலகின்மேல் குனிந்தபடியே விரலால் காட்டினார் கிஹெய். "இந்த ஓரத்துல மேகம் மாதிரி வெள்ளையா ஓடுதே, இதுதான் இதோட உயிர். மெருகு போட்டப்புறம்தான் இவ்வளவு தெளிவாத் தெரியுது. முன்னாடி பார்த்தவங்களுக்கே அடையாளம் தெரியாது. நீளம், வளைவோட ஆழம், பிடிக்குள்ள போற அடிப்பாகத்துல துளை எத்தனை, எல்லாம் பதிவுச் சான்றிதழ்ல இருக்கற மாதிரியே இருக்கு. வேணும்னா அளந்து பாருங்க, அளந்து பாருங்க."

அவர் மூச்சு பட்டு அலகில் சின்ன மங்கல் படிந்து மறைந்தது. உசுய் அளக்கவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

வெளியே வந்ததும் தொமோகோ பிடித்துக்கொண்டாள். "சார், அந்த மாமியார்தான். மருமகளை விரட்டறதுக்கு அவங்களே ஒளிச்சு வச்சிருக்காங்க. மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது!"

"விரட்டணும்னா மோதிரத்தை ஒளிச்சு வைக்கலாம். செத்துப்போன புருஷனோட நினைவு நாளைக் கெடுத்துக்குவாங்களா?"

தொமோகோ கொஞ்ச தூரம் பேசாமல் வண்டி ஓட்டினாள். அவளுக்கு அதுவே பெரிய தண்டனை.

*

மறுநாள் கிஹெய்யின் பட்டறைக்குப் போனார்கள். தண்ணீர்த் தொட்டிகளுக்கும் சாணைக் கற்களுக்கும் நடுவில் அவர் குந்தியிருந்தார். மடித்த காகிதத் துண்டு ஒன்றை உதடுகளுக்கு இடையில் கவ்விக்கொண்டு, ஒரு வாளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடேங்கப்பா, இது யாரோடது?" என்று தொமோகோ எட்டிப் பார்த்தாள்.

கிஹெய் கையை வீசி அவளை விரட்டினார். வாளை நிதானமாகத் துடைத்து உறைக்குள் தள்ளி, வாயிலிருந்த காகிதத்தை எடுத்த பிறகுதான் வெடித்தார்.

"உருவின வாளுக்கு முன்னால வாயத் தொறக்கலாமா? ஒரு துளி எச்சில் தெறிச்சாப் போதும், நாளைக்கே துரு! இது கூடவா தெரியாது?"

"மன்னிச்சுக்குங்க. ரொம்ப உசத்தியான வாளோ?"

"உசத்தியாவது! போர்க்காலத்துல ஆயிரக்கணக்குல அடிச்சுத் தள்ளின சரக்கு. நகோயாவுல ஒரு பல் டாக்டரோடது. எதுவா இருந்தா என்ன, வாள் வாள்தான்."

உசுய் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தார். அவருக்கும் முழங்கால் வலி உண்டு. இருவரும் தைலங்களைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள். தொமோகோவுக்குக் கொட்டாவி வந்தது.

அங்கிருந்து மசாத்தோவின் கடைக்குப் போனார்கள். சுற்றுலா வருகிறவர்களுக்கும் வாள் பயிற்சி செய்கிறவர்களுக்கும் நகல் வாள்கள் விற்கும் கடை அது. எல்லாம் துருப்பிடிக்காத கலப்பு உலோகம். தீட்டினாலும் கூர் ஏறாது. அகானே ஒரு வெளிநாட்டு இளைஞனிடம் ஒரு வாளைக் காட்டிக்கொண்டிருந்தாள். "இது அசல் இல்லை," என்பதுதான் அவள் சொன்ன முதல் வார்த்தை. "அசல் மாதிரி இருக்கும், அவ்வளவுதான். தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க."

இளைஞன் போனதும் உசுய் கேட்டார். "வீட்டு மாடத்தை யார் துடைக்கறது?"

"நான்தான் சார். எட்டு வருஷமா."

"அந்த அலங்கார வாளைத் தூக்கிவச்சுத் துடைப்பீங்களா?"

"ஆமா. தக்கையா இருக்கும். இந்த நகல் வாளே அதைவிடக் கனம்."

உசுய் சுவரைப் பார்த்தார். கல்லாவுக்கு மேலே, விலைச்சீட்டு இல்லாமல், பழைய நகல் வாள் ஒன்று தொங்கியது. பிடியின் துணி வியர்வையில் கறுத்திருந்தது.

"அது மாமனாரோடது," என்றாள் அகானே. "அசலை வச்சுப் பயிற்சி பண்ண மனசு வரல அவருக்கு. வீட்டு மரவாளை வார்ப்புக்காரர்கிட்ட கொடுத்து, அதே அளவு, அதே வளைவுல வார்க்கச் சொன்னார். கிஹெய் மாமாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. தகரம்னுவார். இந்தக் கடைக்குள்ளயே காலெடுத்து வச்சதில்லை."

உசுய் முதல் முறையாகச் சிரித்தார். "இதை ஒரு நாளைக்குக் கடனாத் தருவீங்களா?"

*

சனிக்கிழமை மதியம் எல்லோரும் ஒகுமுரா வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். அகானே வாசல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு பெட்டி தயாராக இருந்தது. கொயுகி பக்கத்து அறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"எல்லாரும் திருடன் முட்டாள்னு சொன்னீங்க," என்று தொடங்கினார் உசுய். "நானும் அங்கிருந்துதான் தொடங்கறேன். அது அசல் வாள்னு நினைச்சு ஏமாந்தவங்க யாரா இருக்கும்? அகானே அம்மா இல்லை. எட்டு வருஷமா அதைத் தூக்கித் துடைக்கறாங்க. நாள் பூரா நகல் வாளைக் கையில வச்சிருக்கறவங்க. மரத்தோட கனமும் உலோகத்தோட கனமும் அந்தக் கைக்குத் தெரியாதா? இந்த வீட்டுல அது மரம்னு தெரியாதவங்க ஒருத்தர்கூட இல்லை."

"அப்போ உறைக்காக எடுத்திருப்பாங்க," என்றாள் மிசாவோ.

"பணத்துக்குன்னா பக்கத்துலயே பொன் நாரை இருந்துச்சே. ஒரு கையில அடங்கும். நீங்களே சொன்னீங்க. தெரிஞ்சவன் அதைத்தான் எடுப்பான்னு. ஆனா தெரிஞ்ச ஒருத்தர் அதை விட்டுட்டு மரத்தை எடுத்துட்டுப் போயிருக்கார். ஏன்னா அவருக்கு வேண்டியது மரம்தான்."

 தொமோகோவால் பொறுக்க முடியவில்லை. "மரத்தை வச்சுக்கிட்டு என்ன சார் பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். அது இங்கே இல்லாம இருந்தாப் போதும். மரவாள் எதைப் பார்த்துச் செதுக்கினது? அசல் வாளைப் பார்த்து. அரக்கு உறையோட உட்குழிவும் அப்படித்தான். ஒரு வாளோட உறைக்குள்ள இன்னொரு வாள் போகாது. நாளைக்கு எஃகை அந்த உறைக்குள்ள போடற நாள். அது போகாதுன்னு ஒருத்தருக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருந்தா?"

"உறை பழசாகிக் கோணிக்கிச்சுன்னு சொல்லியிருக்கலாமே," என்றாள் தொமோகோ.

"சொல்லலாம். மரவாள் பக்கத்துல இருக்கற வரைக்கும் அது எடுபடாது. ரெண்டையும் சேர்த்து வச்சுப் பார்த்தாக் குழந்தைக்கும் தெரிஞ்சுடும்."

மசாத்தோ இப்போதுதான் வாயைத் திறந்தான். "என்ன சொல்றீங்க? அலமாரியில இருக்கறது எங்க வாள் இல்லையா? சான்றிதழ்ல எல்லா அளவும் பொருந்துதே!"

உசுய் வெள்ளைத் துணியை விரித்தார். அலமாரி வாளை உருவி அதன்மேல் வைத்தார். துணிப்பையிலிருந்து, மரவாளைப் பார்த்து வார்த்த மாமனாரின் நகல் வாளை எடுத்து, முதுகும் முதுகும் ஒரே பக்கம் பார்க்கும்படி அருகில் கிடத்தினார். பிறகு வாயில் ஒரு காகிதத்தைக் கவ்விக்கொண்டு இரண்டையும் நூல் பிடித்து அளந்தார். நீளம் ஒன்று. வளைவின் ஆழமும் ஒன்று. ஆனால் நகல் வாள் கைப்பிடிக்குப் பக்கத்திலேயே சட்டென்று வளைந்து, நுனிவரை ஏறக்குறைய நேராகப் போனது. எஃகு வாளோ நட்ட நடுவில் வளைந்திருந்தது. இரண்டுக்கும் இடையில் வெள்ளைத் துணி பிறை வடிவத்தில் தெரிந்தது.

உசுய் எஃகை உறைக்குள் தள்ளிவிட்டுக் காகிதத்தை எடுத்தார். "எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி குதிரைமேல இருந்து வீசறதுக்குச் செஞ்ச வாள் பிடிக்குப் பக்கத்துல வளையும். பின்னால தரையில நின்னு சண்டை போட்டவங்களுக்குச் செஞ்சது நடுவுல வளையும். சான்றிதழ் வளைவு எவ்வளவுன்னு சொல்லும், எங்கேன்னு சொல்லாது. அதே நீளம், அதே ஆழம், அதே துளைக் கணக்குல பிற்காலத்து வாள் ஒண்ணைத் தேடிப் பிடிக்கறது சாமானியம் இல்லை. நாள் பூரா வாள்கள் வந்துபோற இடத்துல உட்கார்ந்திருக்கறவரால மட்டும்தான் முடியும்."

எல்லோருடைய பார்வையும் கிஹெய்யிடம் போனது. அவர் நகல் வாளையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"தகரம்," என்றார் அவர் மெதுவாக.

"தகரம்தான்," என்றார் உசுய். "அதனாலதான் நீங்க அதை நினைச்சே பார்க்கல. எனக்குச் சந்தேகம் வந்தது வேற இடத்துல. ஒரு பல் டாக்டரோட மட்டமான வாளுக்கு முன்னால தொமோகோவை வாய் திறக்க விடல நீங்க. குடும்ப வாளுக்கு முன்னால குனிஞ்சு, மூச்சு படப் படப் பேசினீங்க. பயந்தவங்க பேச்சுக் கொடுத்துட்டே இருப்பாங்க, அது சகஜம். ஆனா அது உண்மையிலேயே அந்த வாளா இருந்திருந்தா, எவ்வளவு பயத்துலயும் உங்க வாய் திறந்திருக்காது."

 கிஹெய் எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார். தொமோகோ அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்குப் போய்த் திரும்பினாள். வரும்போது அவர் மடியில் இரண்டு நீளப் பைகள் இருந்தன. வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை என்று சொன்னால் அவளைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

ஒரு பையில் அரக்கு உறையும் மரவாளும் இருந்தன. மற்றதிலிருந்த வாளை உருவுவதற்கு முன் கிஹெய் ஒரு காகிதத்தை மடித்து உதடுகளில் கவ்விக்கொண்டார். பிறகு அதை அரக்கு உறைக்குள் செலுத்தினார். தடங்கல் இல்லாமல், சத்தமே இல்லாமல் கடைசிவரை இறங்கியது. காகிதத்தை எடுக்காமலேயே அவர் அழுதார்.

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிடுவாங்க அண்ணி," என்றார் ஒருவழியாக. "பதினெட்டு வயசுலேருந்து அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தவன் நான். அண்ணனோடதுன்னு பேரு. அவன் வருஷத்துக்கு ஒருதரம் பார்ப்பான். யாருக்கும் நஷ்டமில்லைன்னுதான் நினைச்சேன்."

"யாருக்கும் நஷ்டமில்லையா?" என்றாள் தொமோகோ. உசுய் அவளைத் தடுக்கவில்லை.

மிசாவோ எழுந்து வந்து, அகானேயின் முன்னால் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தாள். "மன்னிச்சுடும்மா. ஆனா இது வெளியில தெரிய வேண்டாம். குடும்பத்து மானம்…"

"என்னைத் திருடின்னது வெளியில தெரியும் அத்தை," என்றாள் அகானே. "சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் நீங்களே போன் பண்ணிச் சொன்னீங்க. நாளைக்கு எல்லாரும் வருவாங்க. உங்க வாயாலயே சொல்லுங்க."

மிசாவோ குனிந்தபடியே தலையசைத்தாள். அகானே கணவன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க நம்பினீங்களா?"

மசாத்தோ அம்மாவைப் பார்த்தான். "அம்மா சொன்னாங்க. சித்தப்பாவும் சொன்னார். எனக்குத் தெரியல அகானே. தெரியல."

"கடைக்கு யார் வந்தாலும் அசல் இல்லைன்னு சொல்லித்தான் விப்பேன். எட்டு வருஷமா பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்தீங்க."

 அகானே பெட்டியை எடுத்துக்கொண்டாள். "நான் ஒசாகாவுக்குப் போறேன். கொயுகியையும் கூட்டிட்டுப் போறேன். எப்ப வருவேன்னு கேக்காதீங்க."

குழந்தை இங்கேதான் இருக்கும் என்று அந்த வீட்டில் இப்போது யாரும் சொல்லவில்லை. மிசாவோ வாசலுக்கு முந்திக்கொண்டு போய், விடைபெறும் விருந்தாளிக்குச் செய்வதுபோல, பேத்தியின் சின்னச் செருப்புகளைத் தன் கையால் தெருப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். பிறகு மருமகளின் செருப்பையும் திருப்பி வைத்தாள். தொமோகோ அதைப் பார்க்க மாட்டாமல் போய் வண்டியைக் கிளப்பினாள்.

உசுய் முன் இருக்கையில் உட்கார்ந்தார். பின்னால் அம்மாவும் மகளும். நகரா ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்வரை அகானே ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் முழுக்க அவள் அழுது யாரும் பார்க்கவில்லை.

கொயுகி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, நாம திருடங்க இல்லைன்னு தெரிஞ்சுடுச்சா?"

தொமோகோ வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டாள். பின்னால் அகானே குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். ரயிலுக்கு நேரமாகிறது என்று உசுயும் தொமோகோவும் அவளுக்கு நினைவுபடுத்தவில்லை.